அரை மணிக்குள் கக்கினால்

களுக். ஒரு தொண்டைக்குப் பிடிக்காத ஒன்று அதற்குள் இறங்கும் சத்தம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா கால்களை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் கைக்குழந்தையாக இருந்த தம்பி தியாகுவைக் கிடத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கால் விளக்கெண்ணெய் புகட்டினாள். மூச்சுக்காக அவன் வாய் திறந்த நொடியில் எண்ணெய் உள்ளே போனது, களுக் என்றது, பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. தம்பி செத்துவிட்டான் என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வீறிட்டான், அம்மா சிரித்தாள். ஐம்பத்தைந்து வருடம் கழித்து, இன்று காலை, அதே தியாகுவின் பேத்தி என் மடியில் கிடக்க, என் கையிலிருந்த ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து ஒரு மில்லி மருந்து இறங்கியது. அதே களுக். மூக்கைப் பிடிக்கவில்லை. பிடிக்கவே கூடாது என்று பூங்கோதை நான்கு தடவை சொல்லிவிட்டுத்தான் ஏழு மணி பஸ்ஸுக்குப் போனாள். கன்னத்தின் உள்பக்கமாக வைக்க வேண்டும், கொஞ்சமாக அழுத்த வேண்டும், விழுங்கியபின் அடுத்த சொட்டு, அவசரப்படக் கூடாது. பூங்கோதை தியாகுவின் மகள். செவ்வந்தி அவள் பெற்ற எழுபத்தோரு நாள் குழந்தை. குழந்தைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இந்த வாக்கியத்தை நான் மனத்துக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை. தியாகு 'அது' என்பான், நான் 'உடம்புக்கு' என்பேன். இன்று முழுதாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குழந்தை மருந்தைக் கக்கிவிட்டது.

என் இடது தோளில் கக்கினாள். பாலும் மருந்தும் புளித்த மாதிரி ஒரு வாடை, புடவையில் வழிந்து, முழங்கையில் சொட்டி, தரையில் ஒரு சின்ன வெள்ளை வட்டம். எவ்வளவு போயிற்று, எவ்வளவு உள்ளே நின்றது, யார் அளப்பது. அரை மணிக்குள் கக்கினால் திரும்பவும் கொடுக்க வேண்டும், அரை மணி தாண்டிவிட்டால் மருந்து உடம்பில் ஏறியிருக்கும், கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. சிறு பிள்ளைக்குக்கூடப் புரியும். தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் சொட்டு எண்ணிச் சாயம் விடக் கற்றுக்கொடுத்த இந்தக் கோமளவல்லிக்குப் புரியாதா. கக்கிய உடனே நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு முப்பத்தைந்து. இந்த வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். தியாகு ரயில்வேயில் இருந்தவன், விருப்ப ஓய்வில் வந்த பிறகும் எந்த ரயிலையோ விடாமல் பிடிப்பதற்காக அதை அப்படி வைத்திருக்கிறான். வீட்டில் எல்லோரும் நினைக்காமலே பத்தைக் கழித்துக்கொள்வோம். ஆகவே கக்கியது எட்டு இருபத்தைந்துக்கு. செல்போனிலும் எட்டு இருபத்தைந்துதான். கொடுத்தது எப்போது. கொடுத்தது எட்டு மணிக்கு. எந்த எட்டு மணிக்கு. பெரிய முள் பன்னிரண்டில் நின்றதைக் கண் நினைவு வைத்திருக்கிறது, அது நிச்சயம், வெள்ளைத் தகட்டின் மேல் இரண்டு முள்ளும் எட்டு என்று விரிந்து நின்றன. அப்படியானால் உண்மையில் ஏழு ஐம்பது, முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று, கொடுக்கக் கூடாது. ஆனால் அது சிரிஞ்சைக் கையில் எடுத்த நேரமா, இல்லை மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த நேரமா. எடுத்து, மாத்திரையைக் கரண்டித் தண்ணீரில் போட்டு, அது நுரைத்துக் கரையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது பெரிய முள் இரண்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தேனா. காத்திருக்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. காத்திருந்தது ஞாபகம் இல்லை. நினைத்ததும் செய்ததும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்ட ஈர இலைகள் மாதிரி இருக்கின்றன, பிரித்தால் கிழிகிறது. காத்திருந்தேன் என்றால் எட்டு மணி, இருபத்தைந்து நிமிடம், திரும்பக் கொடுக்க வேண்டும். ஏழு ஐம்பதா எட்டா. எட்டா ஏழு ஐம்பதா. தரையைத் துடைத்தேன். துடைத்திருக்கக் கூடாதோ, எவ்வளவு என்று பார்த்து வைத்திருக்க வேண்டுமோ.

குழந்தை இப்போது அழவில்லை. தொட்டிலில் போட்டேன், போட்டவுடன் எடுத்தேன். கழுத்தடியில் மருந்து வழிந்த இடம் பிசுபிசுக்கிறது, ஈரத்துணியால் ஒற்றினேன். நான்கு கிலோ. என் ஹேண்ட்பேக் இதைவிடக் கனமாக இருந்த காலம் உண்டு. அந்தக் கசப்பை ஒருநாள் விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்தேன். வேம்பு கசக்கும், சிறியாநங்கை கசக்கும், அவையெல்லாம் செடியின் கசப்பு, நாக்குக்குப் பழக்கமானவை. இது தார் மாதிரி, பெயிண்ட் மாதிரி ஒரு கசப்பு, மதியம்வரை போகவில்லை. இதை இந்தப் பூவாய்க்குள் காலையும் இரவும் விட வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளைக்கும், அடுத்த வருடமும், அவள் வளர்ந்தபிறகு மாத்திரையாக, சாகும்வரை. திருச்சி ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது, ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். பிறந்த கொஞ்ச வாரங்களிலேயே மருந்து தொடங்கிய குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஓடுகிறார்கள், அடம்பிடிக்கிறார்கள். தொடங்காமல் விட்டால் பாதிக் குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. நாம் ஐம்பத்தேழாவது நாளில் தொடங்குகிறோம், நல்ல நேரத்தில்தான் தொடங்குகிறோம், விட்டுவிட்டுக் கொடுக்காதீர்கள், விட்டுக் கொடுத்தால் கிருமி அந்த மருந்தைக் கற்றுக்கொள்ளும், அப்புறம் கேட்காது என்றாள். கற்றுக்கொள்ளும் என்ற அந்தச் சொல் எனக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. நான் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இன்று காலை கொடுக்காமல் விட்டால் நான் அதற்கு ஒரு பாடம் நடத்துகிறேன். திரும்பக் கொடுத்து, முன்னால் கொடுத்ததும் உள்ளே இருந்தால், இரண்டு மடங்கு. தாங்க வேண்டியது கட்டைவிரல் அளவு ஈரல். அந்த மருந்தில் சாராயமும் கலந்திருக்கிறது என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவளுக்குத்தான் எத்தனை பயம்.

பூங்கோதையைக் கூப்பிட்டேன். அவளுடைய போன் ஃப்ரிட்ஜின் மேலிருந்து அடித்தது. சார்ஜில் போட்டிருக்கிறாள், மறந்துவிட்டுப் போய்விட்டாள். ஒருவரைத் தேடிக் கூப்பிட்டு, அந்த அழைப்பு நம் வீட்டிலேயே கேட்பது மாதிரி ஒரு வெறுமை இல்லை. அவள் இப்போது திருச்சியை நெருங்கியிருப்பாள், மடியில் ஒரு ஒயர் கூடை, அதில் கணவனுக்கு இட்லி, மாற்று லுங்கி. பாலமுரளி நெஞ்சுச் சளியோடு அங்கே வார்டில் கிடக்கிறான், காசநோய், அதற்கு அடியில் 'அது'. ஊர் ஊராகப் போய்ச் சோலார் மோட்டார் பொருத்துகிறவன், நல்ல தோள்கள் இருந்தன, கல்யாணத்தன்று மாலை அந்தத் தோளில் நழுவவே இல்லை. அவனைக் கோபித்துக்கொள்ள முயன்றிருக்கிறேன். கோபம் பாதி தூரம் போகும், பிறகு திரும்பி என் பக்கம் வந்துவிடும். பூங்கோதை வர மதியம் ஒன்றாகும். தியாகு யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தொட்டியம் போயிருக்கிறான், அவனைக் கேட்டு என்ன, கடிகாரத்தை முன்னால் வைத்தவன் அவன்தான். குழந்தையின் மருந்தை எழுதி வைக்கிற பச்சைப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு நம்பர் இருக்கிறது. சந்தேகம் என்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்த நம்பர். ரெஜினா மேரி, ஆலோசகர், முசிறி அரசு ஆஸ்பத்திரி. அந்த நம்பரை நான் பார்க்கத் தேவையில்லை. என் போனிலேயே இருக்கிறது. ஐந்து மாதமாக இருக்கிறது. பெயர் போடாமல் வைத்திருக்கிறேன், ஆனால் கடைசி நான்கு எண்ணும் எனக்கு மனப்பாடம், நாலு ஏழு ஏழு ஒன்று.

ஐப்பசியில் இதே கூடத்தில் வளைகாப்பு. பித்தளைத் தாம்பாளத்தில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், யாரோ என் போனை அதன்மேல் வைத்துவிட்டார்கள், அது சத்தமில்லாமல் அதிர்ந்தபோது தாம்பாளம் முழுக்க வளையல்கள் நடுங்கின, சிலுசிலுவென்று, குளிரில் பல் தந்தியடிப்பது மாதிரி. எடுத்தேன். அக்கரையிலிருந்து பேசுகிறோம் என்றார் ஒரு பெண். காவேரிக்கு இக்கரையில் எங்கள் குளித்தலை, அக்கரையில் முசிறி, அங்கேதான் பூங்கோதை கர்ப்பத்துக்குப் பதிந்துகொண்ட ஆஸ்பத்திரி. பதியும்போது நான்தான் கூடப் போனேன், படிவத்தை நான்தான் நிரப்பினேன், நம்பர் என்று கேட்ட இடத்தில் என்னுடையதை எழுதினேன், ஏனென்றால் எனக்குத்தானே எல்லாம் புரியும். ஒரு ரத்தப் பரிசோதனை திரும்ப எடுக்கணும்மா, அவங்களை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க என்றார். என்ன பரிசோதனை என்றேன். நேரில் சொல்கிறேன் என்றார். நான் சர்க்கரை என்று நினைத்தேன், ரத்தசோகை என்று நினைத்தேன், அரசாங்க ஆஸ்பத்திரியில் எதற்கும் இரண்டு தடவை குத்துவார்கள் என்று நினைத்தேன். அப்போது சொன்னேன், வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள், பிள்ளை பிறக்கும்வரை ஆறு தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், பிறந்தபிறகு பார்க்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காவேரிக்கு வயிற்றுப் பிள்ளையைப் பற்றி என்ன தெரியும். கல்லூரியில் பெண்களுக்கு இதையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் அந்த வாசலில், பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தெரியாத ஒருத்தியை மரியாதையாக வெட்டிவிட அந்த வழக்கம் கைக்குச் சுலபமாக வந்தது. நம்பிச் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். பத்து நாள் கழித்து இரண்டாம் தடவை கூப்பிட்டார். குளித்தலையிலேயே எங்கேயாவது எடுக்கலாம்மா, நான் ஏற்பாடு பண்றேன், அவங்க வீட்டுக்காரரும் சேர்ந்து வந்தா நல்லது என்றார். குரலில் ஏதோ ஒன்று இருந்தது, சொல்ல முடியாத ஒன்றைச் சுற்றி நடக்கிற குரல். எனக்கு அது கேட்டது. குரல்களைக் கேட்கத் தெரிந்தவள் நான், ஒரு வரியில் எங்கே மூச்சு நிற்கிறது என்று சொல்லுவேன். ஆனாலும் பார்க்கலாம் என்றேன். மூன்றாம் தடவை நான் எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு, அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பாடுதான் தெரிந்தது. வளைகாப்புக்கு முன்பே பாலமுரளி இருமலுக்காக அக்கரையில் போய்ப் பார்த்திருக்கிறான், அங்கே 'அது' இருப்பதை அவனுக்குச் சொல்லிவிட்டார்கள், நானே வீட்டில் சொல்கிறேன் என்று தவணை கேட்டிருக்கிறான். அதனால் அந்தப் பெண் போனில் வாய் திறக்க முடியாது. சொல்லாமல் எப்படியாவது வரவழைக்கத்தான் மூன்று தடவை. தை மாதம் இக்கரையில் குழந்தை பிறந்தது. மாசியில் பாலமுரளி ரத்தமாக இருமி விழுந்தான், அதன்பிறகு எல்லாம் வெளியே வந்தது, அவன், அவள், கடைசியில் குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு அட்டையில் சொட்டுச் சொட்டாக ஊறவைத்து எடுத்துப்போன அந்த ரத்தம். திருச்சியில் பதியும்போது பெயர் கேட்டார்கள், குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, பெயர் இல்லாமல் மருந்துப் புத்தகம் போட முடியாது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலையில் செவ்வந்தி வைத்திருந்தாள். பூங்கோதை அதைப் பார்த்துக்கொண்டே செவ்வந்தி என்றாள். அந்தச் சின்ன டாக்டர் அன்று யாரையும் குறை சொல்கிற மாதிரி இல்லாமல், பொதுவாகத்தான் சொன்னாள், கர்ப்பத்திலேயே தெரிந்து அம்மாவுக்கு மருந்து தொடங்கியிருந்தால் அநேகமாகக் குழந்தைக்கு வராமலே தடுத்திருக்கலாம் என்று. பூங்கோதை தலை நிமிர்ந்து, "எங்களுக்கு யாரும் சொல்லலையே மேடம்" என்றாள். நான் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு படங்கள். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, பிறகு விரல் இடுக்கு. ஆறாவது படம்வரை பார்த்து முடித்தபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது. அன்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். பதினாலு நாளாக ஒவ்வொரு வேளை மருந்துக்கும் விளக்கைப் பிடித்துக்கொண்டு, கைத்துண்டை நீட்டிக்கொண்டு, பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன்.

எட்டு நாற்பது. செல்போன் நேரம், இனிமேல் செல்போன் நேரம்தான். மதில் பக்கமிருந்து பட்டம்மாள் கூப்பிட்டாள். அடுத்த வீடு, எந்தச் சத்தத்துக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. ஜன்னலுக்குப் போகாமல் இருக்கலாம் என்றால் குழந்தையோடு உள்ளே என்ன செய்கிறாள் என்று வாசலுக்கே வந்துவிடுவாள். போனேன். கத்துன கத்துல எங்க வீட்டு நாயே எந்திரிச்சுப் போயிடுச்சு டீச்சரு என்றாள். பால் கக்கிவிட்டாள் என்றேன். கக்கத்தான் செய்யும், கக்குற புள்ளதான் தேறும், ஓமத்தைக் கொதிக்க வச்சு ஒரு பாலாடை ஊத்துங்க, அதை விட்டுட்டு ஐஸ்பெட்டி மருந்தெல்லாம் பச்சப்புள்ளைக்குக் குடுத்தா வயிறு தாங்குமா என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் ஐஸ்பெட்டி மருந்து. மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறோம், துணி சுற்றி. என் முகம் மாறியிருக்க வேண்டும், அவள் சிரித்தாள். "அது என்னா மருந்து டீச்சரு, தெனம் ரெண்டு வேளை? நாலு பெத்தவ நான், எனக்குத் தெரியாத மருந்தா. புஸ்தகம் படிச்சுப் புள்ள வளத்தா இப்படித்தான்." சத்து மருந்து என்றேன். சத்து மருந்துக்கா புள்ள அப்புடி அலறுது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குழாயடிக்குப் போய்விட்டாள். நல்லவள்தான். பிரசவத்தன்று ஆட்டோ பிடித்துக்கொடுத்தவள். ஆனால் தெரிந்தால், இந்தத் தெருவில் நாளைக்கு இந்தக் குழந்தையைத் தூக்க ஒரு கை வராது. இன்று திரும்பக் கொடுத்தால் குழந்தை திரும்ப அலறும், அவள் திரும்ப மதிலுக்கு வருவாள். இதுவும் ஒரு காரணமா. ஒரு உயிர் விஷயத்தில் பட்டம்மாளுக்குப் பயந்து நான் கணக்குப் போடுகிறேனா. ஐப்பசியில் பந்திக்குப் பயந்தேன், பங்குனியில் பட்டம்மாளுக்குப் பயப்படுகிறேன்.

கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றேன். செய்ததை எல்லாம் வரிசையாகத் திரும்பச் செய்து பார்த்தால் தெரியுமோ என்று. ஃப்ரிட்ஜைத் திறந்தேன், துணியைப் பிரித்தேன், மூடினேன், அடுப்படிக்குப் போனேன், கரண்டி, மாத்திரை கரையும் நேரம், கொதித்து ஆறிய தண்ணீர், வந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடம் எதையும் சொல்லவில்லை, ஏனென்றால் காலையில் நடுவே ஒரு தடவை சிரிஞ்சில் காற்றுக்குமிழ் வந்துவிட்டது, தட்டித் தட்டி அதை மேலே ஏற்றினேன், அதற்கு எவ்வளவு நேரம். குமிழ் ஞாபகம் இருக்கிறது. அது எவ்வளவு அழகாக இருந்தது என்பதுகூட, ஜன்னல் வெளிச்சம் அதற்குள் ஒரு நூல் மாதிரி வளைந்திருந்தது. இதுதான் என்னிடம் உள்ள கோளாறு. நேரத்தைக் கேட்டால் வெளிச்சத்தைச் சொல்லுகிற மூளை. பேசாமல் இருந்துவிடலாம். ஒரு வேளைதானே. பன்னிரண்டு மணி நேரத்தில் அடுத்த வேளை வந்துவிடும், பூங்கோதை வந்துவிடுவாள், கக்கினாளா அத்தை என்று கேட்டால் இல்லை என்று சொல்லலாம். எவ்வளவு சுலபமாக அந்த இல்லை வந்து நாக்கின்மேல் உட்காருகிறது, ஏற்கெனவே பழகிய இடம் மாதிரி. இல்லையென்றால் அரை மில்லி கொடுக்கலாம், பாதி. பாதி என்பது யாரும் சொல்லாத அளவு, அது தைரியமில்லாதவளின் அளவு. குழந்தை என்னைப் பார்த்தாள். இப்போதுதான் பார்க்கக் கற்றுக்கொள்கிறாள், முகத்தில் வந்து நின்று, நழுவி, காதருகே எதையோ பார்த்து, திரும்ப முகத்துக்கு வந்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. காற்றுக்குச் சிரிக்கும் என்பார்கள் இந்த வயதில், எதற்காக இருந்தாலும் சிரிப்பு. எட்டு ஐம்பத்திரண்டு. திரும்பக் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியே, யாரையும் கேட்காமல் விட்டால், இன்னும் கொஞ்ச நேரத்தில் தேவையில்லாமல் போய்விடும். நான் யோசித்தே தீர்த்துவிடுவேன். ஐப்பசியிலும் இப்படித்தான் தீர்ந்தது.

நம்பரை அழுத்தினேன். இரண்டாம் மணியிலேயே எடுத்தார். குழந்தை பெயரைச் சொன்னேன், புத்தக நம்பரைச் சொன்னேன், கக்கியதைச் சொன்னேன். எத்தனை நிமிஷத்துல என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எனக்கே என் குரல் பரிச்சயமில்லாமல் இருந்தது. இருபத்தைந்தாகவும் இருக்கலாம், முப்பத்தைந்தாகவும் இருக்கலாம், எங்கள் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும், கழித்தேனா என்று நினைவில்லை. அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. நிறையக் கக்கினாளா, கட்டியாக இருந்ததா, மருந்து வாடை அடித்ததா, இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். லைன்லயே இருங்க, டாக்டர்ட்ட கேட்டுச் சொல்றேன் என்றார். போனில் ஒரு மின்விசிறிச் சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், தூரத்தில் ஒருத்தர் இன்னொருத்தரை வரிசையில் நிற்கச் சொல்கிறார். அந்த அறையில் என்னைப்போல் எத்தனை பேர், பெயர் சொல்லாமல், முக்காடு போட்டுக்கொண்டு. நான் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குதிகாலில் குத்திய தழும்பு இப்போது ஒரு எள் அளவுதான். திரும்பி வந்தார்.

"திரும்பக் குடுத்துடச் சொல்றாங்கம்மா. மாத்திரையும், மருந்தும், முழு அளவு. ஒரு தடவை கூடப் போனா ஒண்ணும் ஆயிடாது. இல்லாமப் போறதுதான் தப்பு."

சரி என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நீங்க டீச்சரம்மாதானே. வளைகாப்பு அன்னிக்குப் பேசினீங்க."

"ஆமாம்."

"பூங்கோதைக்குத் தெரியுமா, நான் கூப்பிட்டது?"

தெரியாது என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு மாதிரி ஏதோ கேட்டது, மின்விசிறியாகவும் இருக்கலாம். நான் அவங்ககிட்ட இதுவரைக்கும் சொல்லலம்மா என்றார். அதைச் சொல்கிற உரிமை தன்னுடையது இல்லை என்கிற மாதிரிச் சொன்னார். "இப்ப முதல்ல மருந்தைக் குடுங்க. குடுத்துட்டு நேரத்தை எழுதி வையுங்க. பேப்பர்ல எழுதுங்க, மனசுல இல்ல."

எழுதினேன். ஒன்பது மணி ஆறு நிமிடம், செல்போன் நேரம், காலண்டர் தாளின் பின்பக்கம். கன்னத்தின் உள்பக்கமாக வைத்தேன், கொஞ்சம் அழுத்தினேன், விழுங்கும்வரை நின்றேன், இன்னும் கொஞ்சம். அலறினாள். பட்டம்மாள் மதிலுக்கு வந்தாள், டீச்சரு டீச்சரு என்று கூப்பிட்டாள், நான் போகவில்லை. தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். முதல் பத்து நிமிடம் ஒவ்வொரு ஏப்பத்துக்கும் என் முதுகு விறைத்தது. பதினைந்தில் விக்கல் வந்தது, நின்றது. இருபதில் தூங்கிப்போனாள், ஆனாலும் நான் நடப்பதை நிறுத்தவில்லை. ஒன்பது முப்பத்தாறைத் தாண்டி, நாற்பதும் தாண்டி, பத்து மணிவரை நடந்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அப்போது உட்கார்ந்தேன். மனத்துக்குள் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்குவது. அப்போது எனக்கு என்ன தெரியும் என்று தொடங்குவது. முரளி சொல்லாமல் விட்டதுதானே முதல் தப்பு என்று தொடங்குவது. எல்லா வாக்கியமும் என்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் நடந்தன. ஒன்றுகூட அவளை நோக்கிப் போகவில்லை. கடைசியில் எந்த வாக்கியமும் இல்லாமலே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றே காலுக்குப் பூங்கோதை வந்தாள். வெயிலில் முகம் கருத்திருந்தது, கூடையில் அடுத்த மாதத்து மருந்து, ஈரத்துணி சுற்றி. கக்கினாளா அத்தை என்றாள். கக்கினாள், கேட்டுத் திரும்பக் கொடுத்தேன், ஒன்பது ஆறுக்கு என்று தாளைக் காட்டினேன். யாரைக் கேட்டீங்க என்றாள். ரெஜினா மேடத்தை என்றேன். பிறகு அவள் கைகழுவிவிட்டு வரும்வரை காத்திருந்து, நின்றுகொண்டே சொன்னேன், வளைகாப்பிலிருந்து தொடங்கி, ரெஜினா மேடம் மூன்று தடவை கூப்பிட்டது, ஆறு தாண்டக் கூடாது என்று நான் சொன்னது. அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். முந்தானைக்குள் குழந்தை விழுங்கும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

"மூணு தடவையா அத்த?" என்றாள்.

"மூணாவது தடவை நான் எடுக்கல."

குழந்தையைத் தோள் மாற்றினாள். நான் குறைத்துச் சொல்லியிருக்கலாம், இரண்டு தடவை என்று சொல்லியிருக்கலாம், மூன்றாவது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. அன்றிரவு மருந்தை அவளே கொடுத்தாள். துண்டோடு நான் போய் நின்றேன். "நீங்க போய்ப் படுங்கத்த" என்றாள், கோபமில்லாமல், வாடகை வீட்டின் சொந்தக்காரியிடம் சொல்லுகிற மாதிரி.

அந்த வாரமே அவள் திருச்சியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். பாலமுரளி ஆடியில் இறந்தான். இன்று காலை என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற அந்தக் காலை நடந்து பத்து வருடம் ஆகப்போகிறது. தியாகு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். செவ்வந்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், இருபத்தெட்டு கிலோ இருக்கிறாள், ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று போன வாரம் சொன்னான். அவர்கள் போனபிறகு நான் அவளைப் பார்த்ததில்லை.